சந்தோஷமான நாள், மறக்கேலாத நாள்: இங்கிலீஷ்ல சொல்றத ரஷ்யன்ல மாத்துறதுக்கு ஒரு முழு வழிகாட்டி

மே மாசம் கடல் அடங்கத் தொடங்கினதும் திருகோணமலையில உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் வெளிநாட்டு ஆக்கள் வந்து நிறையத் தொடங்கிடும், அதுல ரஷ்யன் கதைக்கிற ஆக்களும் இருக்கிறாங்க. புறாமலைக்கு போட்ல கூட்டிட்டுப் போறவங்க, கெஸ்ட்ஹவுஸ் வச்சிருக்கிறவங்க, ஆட்டோல கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணத்துக்கும் கொண்டு போறவங்க, இவங்க எல்லாருக்கும் ஒரே தேவைதான்: வந்த ஆக்கள் திரும்பிப் போனாப் பிறகு வாட்ஸப்ல ரெண்டு நல்ல வார்த்தை அனுப்ப வேணும், அதுவும் அவங்கட பாஷையில. இங்கிலீஷ்ல என்ன எழுதுறதெண்டு எங்கட பெடியங்களுக்கு நல்லாத் தெரியும். மேட் மை டே, பெஸ்ட் டே எவர், எ டே டு ரிமெம்பர், ஹேட் எ கிரேட் டைம், இதெல்லாம் நாக்கு நுனியில இருக்கு. அத அப்பிடியே ஒரு ஆப்புல போட்டு ரஷ்யனாக்கி அனுப்புறதுதான் எல்லாரும் செய்யிறது, அது சில நேரம் சரியா வரும், சில நேரம் கலியாண வாழ்த்து செத்த வீட்டுச் செய்தி மாதிரிப் போய்ச் சேரும். அந்த இடத்துக்குக் கீழ வாறன்.

இந்த வழிகாட்டி முழுக்க நான் சொல்லப் போற முக்கியமான விஷயம் ஒண்டுதான். இங்கிலீஷ்ல இருந்து நேர ரஷ்யனுக்குப் போகாதீங்க, நடுவுல தமிழுக்கு வாங்க. நாங்க தமிழ்ல சந்தோஷத்த எப்பிடிச் சொல்றமோ அந்தக் கட்டு கனக்க இடத்துல ரஷ்யனுக்குக் கிட்ட இருக்கு, இங்கிலீஷ்தான் தூரத்துல நிக்குது. எல்லா இடத்துலயும் இல்ல, எங்க பிசகும் எண்டதையும் சொல்றன்.

முதல்ல சத்தத்தப் பிடிங்க

இங்க எல்லா ரஷ்யச் சொல்லையும் தமிழ் எழுத்துலதான் போடுறன், அது வாயால சொல்றதுக்கு. எழுத்தா அனுப்ப வேணுமெண்டா ஃபோன் கீபோர்ட்ல ரஷ்யன சேர்த்துக்கொள்ளுங்க, கூகுள் ட்ரான்ஸ்லேட்ல ரஷ்யன் பக்கத்து மைக்க அமத்தி இந்தச் சத்தத்தச் சொன்னா எழுத்து வரும், வந்தத ஒருக்கா அகராதியில சரிபாருங்க.

எங்களுக்கு ஒரு வசதி இருக்கு. ரஷ்யன்ல வாற த சத்தம் இங்கிலீஷ்காரர்ட ட மாதிரி இல்ல, எங்கட த மாதிரி பல்லுல பட்டு வாறது. நாள் எண்டதுக்கு ரஷ்யன்ல த்யென். இதுல த வந்து பந்து எண்டு சொல்லேக்க வாற மெல்லிய து. அதே மாதிரி பில், பீலா எண்டு நான் எழுதினா அந்தப் ப அம்புல வாற பு. ஜ போட்ட இடத்துல ஷ வத் தொண்டை அதிரச் சொல்லுங்க. இன்னொண்டு, அவங்க எழுதுறது ஒண்டு வாசிக்கிறது ஒண்டு எண்டு சில இடம் இருக்கு: அழுத்தம் விழாத ஓ, ஆ மாதிரி ஒலிக்கும், ஓகோ, எகோ எண்டு எழுதி முடியிற இப்பிடியான சொல் ஓவா, எவா எண்டு முடியும். அதால ஆப் காட்டுற எழுத்தப் பார்த்து ஹரோஷெகோ எண்டு வாசிக்காதீங்க, அது ஹரோஷெவா. சத்தத்துக்கு இவ்வளவு காணும், மிச்சம் கேட்டுக் கேட்டுத்தான் வரும்.

பிறகு இங்கிலீஷக் கழட்டிப் போட்டுத் தமிழ்ல நினைங்க

வி ஹேட் எ வண்டர்ஃபுல் டே. இதுல ஹேட் எண்ட சொல்லுக்கு ரஷ்யன்ல என்ன எண்டு தேடத் தொடங்கினா அங்கயே மாட்டுப்படுவீங்க. தமிழ்ல ஆரும் நாங்க ஒரு நல்ல நாள வச்சிருந்தம் எண்டு சொல்றேல்ல, எங்களுக்கு நல்ல நாளா இருந்தது எண்டுதான் சொல்லுவம். ரஷ்யனும் அப்பிடித்தான்: ஊ நாஸ் பில் சுதேஸ்னிய் த்யென். ஊ நாஸ் எண்டா எங்களிட்ட, பில் எண்டா இருந்தது, சுதேஸ்னிய் எண்டா அருமையான. எங்களிட்ட இருந்தது அருமையான நாள். ஒரு பொருள் உங்களிட்ட இருக்கா எண்டு நாங்க கேக்கிற அதே கட்டு.

இட் வாஸ் ஃபன் எண்டத எடுங்க. ஃபன் எண்டதுக்குச் சரிக்குச் சரியான பெயர்ச்சொல் ரஷ்யன்ல இல்ல, தமிழ்லயும் இல்ல. ஆனா எனக்குச் சந்தோஷமா இருந்தது எண்டு சொல்லலாம்தானே. ம்ன்யே பீலா ஓச்சென் வ்யேஸெலா. ம்ன்யே எண்டா எனக்கு, பீலா இருந்தது, ஓச்சென் சரியா, வ்யேஸெலா கலகலப்பா. எனக்கு இருந்தது சரியான கலகலப்பா. சொல்லு ஒழுங்கு மட்டும்தான் மாறுது, எனக்கு எண்டது எனக்காவே நிக்குது. இங்கிலீஷ்ல ஐ எண்டு தொடங்குற உணர்ச்சி வசனம் எல்லாத்தையும் இப்பிடி எனக்கு, உங்களுக்கு எண்டு ஒருக்கா மாத்திப் பாருங்க, பாதி வேலை முடிஞ்சிடும். ஐ லைக்ட் இட் எண்டா எனக்குப் பிடிச்சது, ம்ன்யே பன்ராவிலஸ். ஹோப் யூ லைக்ட் இட் எண்டா உங்களுக்குப் பிடிச்சிருக்கும் எண்டு நம்புறம், நதேயெம்ஸ்யா, வாம் பன்ராவிலஸ். வாம் எண்டா உங்களுக்கு.

ஐ வில் நெவர் ஃபர்கெட் திஸ் டே. இங்கிலீஷ்ல நெவர் ஒண்டு போட்டா இல்லை எண்ட கருத்து வந்திடும், வினைச்சொல்லு சும்மா நிக்கும். நாங்க ஒருநாளும் மறக்க மாட்டன் எண்டுறம், ஒருநாளும் எண்டதும் வேணும் மாட்டன் எண்டதும் வேணும். ரஷ்யனும் ரெண்டையும் கேக்கும்: யா நிக்கக்தா நெ ஸபூது ஏதத் த்யென். நிக்கக்தா ஒருநாளும், நெ ஸபூது மறக்க மாட்டன். அந்த நெ வ விட்டா வசனம் நொண்டும், இங்கிலீஷ் வழியா வாறவங்க விடுறது இதத்தான்.

இன்னொரு சின்ன விஷயம், எனக்கு இது சரியான பிடிப்பு. த பெஸ்ட் டேய்ஸ் ஆஃப் அவர் லைவ்ஸ் எண்டு இங்கிலீஷ் வாழ்க்கையப் பன்மையாக்கும். நாங்க எங்கட வாழ்க்கையில எண்டு ஒருமையாத்தான் சொல்லுவம். ரஷ்யன்ல லூச்ஷியெ த்னீ நாஷெய் ஜீஸ்னி, அங்கயும் வாழ்க்கை ஒண்டுதான்.

நாள் எண்ட சொல்லு எப்பிடி எப்பிடி மாறும்

இந்தப் படியத் தாண்டிப் போகாதீங்க, மற்றதெல்லாம் இதுக்கு மேலதான் நிக்குது. பள்ளிக்கூடத்துல வேற்றுமை உருபு படிச்சிருப்பீங்க, ஐ, ஆல், கு, இன், அது, கண் எண்டு. ரஷ்யன்ல ஆறு வேற்றுமை. இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவருக்கு அது மலை, எங்களுக்கு அது வீட்டுச் சாமான். நாள் எண்டா த்யென், நாளின்ர எண்டா த்ன்யா, நாளுக்கு எண்டா த்ன்யூ, நாளை எண்டா திரும்ப த்யென்தான், நாளோட எண்டா த்ன்யோம், நாளப் பற்றி எண்டு வாற இடத்துல த்ன்யே. உருபு சேரேக்க நடுவுல இருக்கிற எ சத்தம் விழுந்திடுது, அத மட்டும் கவனிங்க.

இப்ப ஏன் ஹேப்பி பர்த்டேய்க்கு ஸ் த்ன்யோம் ரஜ்தேனியா எண்டு சொல்றாங்க எண்டு விளங்கும். ஸ் எண்டா ஓட, கூட. பிறந்த நாளோட. அதுக்கு முன்னால பஸ்த்ரவ்ல்யாயு, வாழ்த்துறன், எண்ட சொல்லு இருக்க வேணும், பேச்சுல அது விழுந்து போச்சு. ஹேப்பி எண்ட சொல்லே அங்க இல்ல. ஹேப்பி நியூ இயர் எண்டாலும் ஸ் நோவிம் கோதம், புது வருஷத்தோட. பண்டிகை எதுவா இருந்தாலும் ஸ் ப்ராஸ்னிகம் எண்டு சொல்லலாம், எங்கட பொங்கலுக்கோ தீபாவளிக்கோ அவங்க உங்களுக்கு இதச் சொன்னா அதுதான் அர்த்தம்.

ஹேவ் எ நைஸ் டே எண்டதுக்கு ஹரோஷெவா த்ன்யா. இது நல்ல நாளின்ர எண்ட உருபுல நிக்குது, ஏனெண்டா முன்னால ஜெலாயு, விரும்புறன், எண்ட சொல்லு மறைஞ்சு நிக்குது, அந்தச் சொல்லு இந்த உருபத்தான் கேக்கும். ஆப்ப நம்பி ஹரோஷிய் த்யென் எண்டு அனுப்பினா அது நல்ல நாள் எண்டு ஒரு செய்தி சொன்ன மாதிரி இருக்கும், வாழ்த்தா இருக்காது. இதே அச்சுல பயணம் அனுப்புறதுக்கு ஷ்ஷிஸ்லீவவா புத்தீ, லீவுக்கு வந்தவருக்கு ப்ரியாத்னவா ஓத்திஹா. ஓத்திஹ் எண்டா ஓய்வா இருந்து அனுபவிக்கிறது. ஹாலிடே எண்ட இங்கிலீஷ் சொல்லுக்கு ரஷ்யன்ல மூண்டு நாலு சொல்லு இருக்கு: வேலையில எடுக்கிற லீவு ஓத்புஸ்க், பள்ளிக்கூட விடுமுறை கனீகுலி, பண்டிகை ப்ராஸ்னிக், கடற்கரையில வந்து படுத்திருக்கிறது ஓத்திஹ். உங்கட கெஸ்ட்ஹவுஸுக்குக் கடைசிச் சொல்லுத்தான் கூட வரும்.

தமிழ் வழி பிசகுற இடம் இது. அந்த நாளில எண்டு நாங்க இல் உருபு போடுறம், அதப் பார்த்து த்ன்யே எண்டு போடாதீங்க. வ் ஏதத் த்யென் எண்டுதான் வரும், நாளை எண்ட உருபு. எண்ணிக்கையிலயும் கவனம் வேணும். ஒண்டுக்கு அதீன் த்யென், ரெண்டு மூண்டு நாலுக்கு த்வா த்ன்யா, த்ரி த்ன்யா, செதீரெ த்ன்யா, அஞ்சுல இருந்து ப்யாத் த்ன்யேய் எண்டு மாறும், 21 க்குத் திரும்ப ஒருமைக்கு வந்திடும், கடைசி இலக்கம் ஒண்டு எண்டதால. நீங்க எங்களோட இருந்த 5 நாளும் எண்டு எழுதுறவர் 3 நாள் நிண்ட ஆளுக்கு அதே வசனத்த இலக்கத்த மட்டும் மாத்தி அனுப்பக் கூடாது.

ஆணா பெண்ணா எண்டு பார்க்கிறது

வந்தான், வந்தாள் எண்டு எங்கட வினையும் பால் காட்டும். ரஷ்யன்ல இறந்த காலத்துல மட்டும் காட்டும், ஆனா நான் எண்டு சொல்லேக்கயும் காட்டும். நான் நல்லாப் பொழுத கழிச்சன் எண்டு ஒரு ஆம்பிளை சொன்னா யா ப்ரெக்ராஸ்னா ப்ரவ்யோல் வ்ரேம்யா, பொம்பிளை சொன்னா யா ப்ரெக்ராஸ்னா ப்ரவெலா வ்ரேம்யா. நாங்க எண்டா மி ப்ரெக்ராஸ்னா ப்ரவெலீ வ்ரேம்யா, அதுல பால் இல்ல. ஆப் கேக்காமலே கனக்கத் தரம் ஆம்பிளையாத்தான் போடும், அதால கெஸ்ட்ஹவுஸ் நடத்துற அக்காமார் இத வடிவாப் பார்த்து மாத்துங்க. சந்தேகமெண்டா நாங்க எண்டு எழுதுறது நல்லம், எங்கட ஊர் மரியாதைக்கும் அது பொருந்தும். உயிரில்லாத பொருளுக்கும் அங்க பால் உண்டு: நாள் ஆண், பயணம் எண்ட பயேஸ்த்கா பெண், நேரம் எண்ட வ்ரேம்யா ரெண்டும் இல்ல. அதால நாள் பில், பயணம் பிலா, நேரம் பீலா. மரியாதையில ஒரு புதினமும் இல்ல, நீ எண்டதுக்கு தி, நீங்க எண்டதுக்கு வி, கெஸ்டுக்கு எப்பவும் வி, அவங்களா தி க்கு வந்தா நீங்களும் போகலாம்.

ஹேப்பி எண்டா எந்த ஹேப்பி

இங்கிலீஷ்ல ஹேப்பி எல்லா இடத்துக்கும் ஓடும். ரூம் பிடிச்சாலும் ஹேப்பி, ஆளக் கண்டாலும் ஹேப்பி, கலியாணம் கட்டினாலும் ஹேப்பி. ரஷ்யன்ல ஆப் தாறது பெரும்பாலும் ஷ்ஷாஸ்லிவ் எண்ட சொல்லு, அது பெரிய சொல்லு. பிள்ளை பிறந்தது, காதல் கைகூடினது, இப்பிடி வாழ்க்கை நிறைஞ்ச இடத்துல வாறது. சாவி குடுக்கேக்க உங்களக் கண்டதுல சந்தோஷம் எண்டு சொல்ல ராத் காணும், பொம்பிளை எண்டா ராதா, நாங்க எண்டா ராதி. மி ராதி வாஸ் வீதெத். சாப்பாட்டுல, ரூம்ல திருப்தி எண்டா தவோலென், பொம்பிளைக்கு தவோல்னா, கனக்க ஆக்களுக்கு தவோல்னி. வாழ்க்கையில மிகச் சந்தோஷமான நாள் எண்டு சொல்ற இடத்துலதான் பெரிய சொல்ல எடுங்க: ஸாமிய் ஷ்ஷிஸ்லீவிய் த்யென் வ் மயேய் ஜீஸ்னி. எழுதேக்க நடுவுல ஒரு த இருக்கும், வாசிக்கேக்க அது ஒலிக்காது.

நினைவு எண்ட சொல்லுல நிதானமா நில்லுங்க

போட் ஓடுற தம்பி ஒருத்தன் கெஸ்டுக்கு ஃபோட்டோ அச்சடிச்சுக் குடுக்கிறவன், ஒருக்கா எனக்கு வொய்ஸ் அனுப்பினான்: அண்ணா, ஃபோட்டோவுக்குக் கீழ எ டே டு ரிமெம்பர் எண்டு ரஷ்யன்ல போடப் போறன், ஆப்புல த்யென் பாம்யதி எண்டு வருது, போடவா? போடாதடா தம்பி எண்டு உடன பதில் போட்டன். பாம்யத் எண்டா நினைவு, த்யென் பாம்யதி எண்டா நினைவு நாள். தமிழ்ல நினைவு நாள் எண்டா உங்களுக்கு என்ன மனசுல வருது? செத்த ஆளுக்கு வருஷா வருஷம் விளக்கு வைக்கிற நாள். ரஷ்யாக்காரருக்கும் அதேதான். ஜூன் 22 அங்க நினைவினதும் துயரத்தினதும் நாள், 1941 ல ஜெர்மன் படை உள்ள வந்த நாள், அதுக்குப் பேர்ல இருக்கிற சொல்லு இதுதான். சீசன் நடுவுல வாற தேதி அது, அண்டைக்கு ஆமையோட நிண்டு சிரிச்ச படத்துக்குக் கீழ இத வாசிச்சா எப்பிடி இருக்கும் எண்டு யோசிச்சுப் பாருங்க. இங்கிலீஷ் வழியா யோசிச்சா இந்த ஆபத்து தெரியாது, ரிமெம்பர் எண்ட சொல்லு அங்க லேசா இருக்கு. தமிழ் வழியா யோசிச்சா முதல் பார்வையிலயே தட்டுப்படும்.

அப்ப என்ன போடலாம்? நாலு வழி இருக்கு, ஒவ்வொண்டும் ஒரு இடத்துக்கு.

நெஸபிவாயெமிய் த்யென், மறக்கேலாத நாள். இது எல்லா இடத்துக்கும் பொருந்தும், விளம்பரத்துலயும் வரும், ஆக்களும் சொல்லுவாங்க. கொஞ்சம் தேஞ்ச சொல்லுதான், எண்டாலும் பிழை வராது.

ஏதத் த்யென் மி ஸப்போம்னிம் நதோல்கா, இந்த நாள கனகாலத்துக்கு ஞாபகம் வச்சிருப்பம். இதுல உயிர் இருக்கு, எழுதின ஆள் தானா எழுதின மாதிரி இருக்கும். நான் கூடச் சொல்லிக் குடுக்கிறது இதத்தான்.

பூதெம் வ்ஸ்பமினாத் ஏதத் த்யென் ஸ் தெப்லதோய், இந்த நாள இதமா நினைச்சுக்கொண்டிருப்பம். தெப்லதா எண்டா வெதுவெதுப்பு. பிரிஞ்சு போன பிறகு அனுப்புற செய்திக்கு இது நல்ல பொருத்தம். ஸப்போம்னித் எண்டது மனசுல பதிய வைக்கிறது, வ்ஸ்பமினாத் எண்டது பதிஞ்சத எடுத்து எடுத்துப் பார்க்கிறது, ரெண்டையும் மாத்திப் போடாதீங்க.

நாலாவது ஃபோட்டோவுக்கெண்டே இருக்கிறது: நா தோல்குயு பாம்யத், நீண்ட நினைவுக்கு. பழைய சோவியத் காலத்துல படம் எடுத்து ஆளுக்கு ஆள் குடுக்கேக்க பின்பக்கத்துல பேனையால எழுதுற வசனம். அதே பாம்யத் எண்ட சொல்லுதான், ஆனா இந்தக் கூட்டுல அன்பாகிடுது. அந்தத் தம்பி கடைசியில இதத்தான் போட்டான். படத்த வாங்கின வயசான அம்மா ஒருத்தி திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தா, அங்கயும் கையால எழுதித் தரச் சொல்லிக் கேட்டா.

பாம்யத்னிய் எண்டு ஒரு சொல்லும் ஆப் காட்டும், மெமரபிள் எண்டதுக்கு. பாம்யத்னிக் எண்டா நினைவுத் தூபி, அந்தக் குடும்பத்துச் சொல்லு. விழாப் பேச்சுக்கு நல்லம், கடற்கரைக்குக் கனம் கூடிப் போகும். மேக்கிங் மெமரீஸ் எண்டதையும் நேர மாத்தாதீங்க, ரஷ்யாக்காரர் பயணத்தப் பற்றி எழுதேக்க நினைவ விட வ்பெசத்லேனியா எண்ட சொல்லத்தான் கூடப் பாவிப்பாங்க, மனசுல விழுந்த பதிவுகள். மாஸா வ்பெசத்லேனிய் எண்டு அவங்க உங்கட பக்கத்துல எழுதினா, கனக்கப் பார்த்தம், மனசு நிறைஞ்சு போச்சு எண்டு அர்த்தம்.

கூட வாற மற்ற வசனங்கள்

யூ மேட் மை டே. நேர மாத்தி வி ஸ்தேலலி மோய் த்யென் எண்டு சொல்ற இளம் ஆக்கள் இப்ப இருக்கிறாங்க, அது இங்கிலீஷ்ல இருந்து போனது, வயசான ஆக்களுக்கு உறுத்தும். வி மென்யா தாக் பராதவலி, என்ன இவ்வளவு சந்தோஷப்படுத்திட்டீங்க, இது எல்லாருக்கும் பொருந்தும். மனசு சோர்ந்திருந்த நேரத்துல தூக்கி விட்டீங்க எண்டா வி பத்ன்யாலி ம்ன்யே நஸ்த்ரயேனியெ.

டைம் ஃப்ளூ எண்டதுக்கு வ்ரேம்யா ப்ரலெத்தேலா நெஸமேத்னா, நேரம் தெரியாமலே பறந்து போச்சு. நாங்களும் நேரம் போனதே தெரியேல்ல எண்டுதானே சொல்றம்.

ஓவர் த மூன் எண்டா சந்திரன விடுங்க, அங்க ஏழாம் வானம்: மி பீலி நா ஸெத்மோம் நேபெ அத் ஷ்ஷாஸ்த்யா.

ரெட் லெட்டர் டேய்க்கு ரஷ்யன்ல அதே மாதிரி ஒண்டு இருக்கு, க்ராஸ்னிய் த்யென் கலெந்தர்யா, கலண்டர்ல சிவப்பு நாள். பார்த்தோடன சரி எண்டு எடுத்திடுவீங்க. அது அரச விடுமுறை நாள், எங்கட கலண்டர்ல சிவப்புல போட்டிருக்கிற மாதிரி. உங்கட வாழ்க்கையில முக்கியமான நாள் எண்டு சொல்ல ஸ்னமெனாத்தெல்னிய் த்யென், சாதாரணமா எண்டா அஸோபென்னிய் த்யென்.

பிக் டே எண்டத பல்ஷோய் த்யென் எண்டு போட்டா அளவுல பெரிய நாள் எண்டு போகும், வாஜ்னிய் த்யென் எண்டு போடுங்க. வாட் எ டே எண்டா கக்கோய் சுதேஸ்னிய் த்யென். நு இ த்யென் எண்டும் ஒரு வசனம் காதுல விழும், அது அலுத்துக் களைச்சுப் போய் என்ன நாளடா இது எண்டு சொல்றது, சந்தோஷத்துக்குப் பாவிக்காதீங்க. நாள் நல்லா அமைஞ்சுது எண்டு பின்னேரம் கரைக்கு வந்து இறங்கேக்க சொல்ற வசனம் த்யென் உதல்ஸ்யா, கட்டையா, நிறைவா இருக்கும், எனக்கு சரியான விருப்பம்.

வ் அதீன் ப்ரெக்ராஸ்னிய் த்யென் எண்டா சொல்லுக்குச் சொல்லு ஒரு அழகான நாளில, ஆனா கருத்து ஒருநாள் இப்பிடி நடந்தது எண்டு கதை தொடங்குறதுதான். உங்கட அழகான நாளுக்கு இத எடுக்காதீங்க. தோஸ் வேர் த டேய்ஸ் எண்டா பீலி வ்ரெமெனா, குட் ஓல்ட் டேய்ஸ் எண்டா ஸ்தாரியெ தோப்ரியெ வ்ரெமெனா, ரெண்டுலயும் நாள் இல்ல, காலங்கள்தான்.

ஒரு முழுச் செய்திய மாத்திப் பார்ப்பம்

புறாமலைக்குக் கூட்டிட்டுப் போன ஒரு குடும்பத்துக்கு எழுதுறீங்க எண்டு வைங்க. இங்கிலீஷ்ல மனசுல இருக்கிறது இது: தேங்க்ஸ் ஃபார் கமிங் வித் அஸ், இட் வாஸ் எ கிரேட் டே, ஸோ ஹேப்பி யூ ஸோ த டர்ட்டில், வில் நெவர் ஃபர்கெட் இட், ஸேஃப் ட்ரிப், கம் அகெய்ன்.

முதல்ல தமிழ்ல சொல்லிப் பாருங்க: எங்களோட இருந்ததுக்கு நன்றி, அது அருமையான நாள், நீங்க ஆமையக் கண்டது எங்களுக்குச் சரியான சந்தோஷம், இந்த நாள கனகாலம் ஞாபகம் வச்சிருப்பம், நல்லபடியாப் போங்க, திரும்பவும் வாங்க.

இப்ப ரஷ்யன். தரகீயெ கோஸ்தி, அன்பான விருந்தாளிகள். ஸ்பஸீபா, ஷ்தோ பீலி ஸ் நாமி. ஏதா பில் சுதேஸ்னிய் த்யென், நாள் ஆண்பால் எண்டதால பில். மி ஓச்சென் ராதி, ஷ்தோ வி உவீதெலி செரெபாஹு, இங்க ராதி தான், பெரிய சொல்லு வேண்டாம், ஆமை எண்ட செரெபாஹா ஆமைய எண்ட உருபுல செரெபாஹு ஆகுது. ஏதத் த்யென் மி ஸப்போம்னிம் நதோல்கா. ஷ்ஷிஸ்லீவவா புத்தீ. ப்ரியெஜ்ஜாய்தெ யிஷ்ஷோ.

இதுல ஆமை எண்ட ஒரு சொல்லுத்தான் முழுச் செய்தியையும் தூக்குது. மற்றதெல்லாம் ஆரும் ஆருக்கும் எழுதலாம், ஆமை அவங்களுக்கு மட்டும். கறுப்புச் செட்டை சுறாக் குட்டியக் கண்டிருந்தா சுறா எண்டு போடுங்க, அகுலா, உருபோட அகுலு. திமிங்கிலம் பார்க்கப் போன நாளெண்டா கீத், கனக்க எண்டா உருபோட கித்தோவ். கோணேசர் மலையில மான் வந்து பிள்ளையின்ர கையில இருந்து வாழைப்பழத் தோல் எடுத்திருந்தா அத எழுதுங்க. கண்ட ஒண்டப் பேர் சொல்லி எழுதினா அந்த ரஷ்யன் கொஞ்சம் பிசகினாலும் மனசு போய்ச் சேரும்.

எப்பிடிச் சரிபார்க்கிறது

ஆப்புல ரஷ்யன்ல இருந்து திரும்ப இங்கிலீஷுக்கு மாத்திப் பார்க்கிறது மட்டும் காணாது, பிழையான வசனமும் திரும்பி வரேக்க அழகா வந்து நிக்கும். நான் செய்யிறது, ரஷ்ய வசனத்த மேற்கோள் குறிக்குள்ள போட்டு யாண்டெக்ஸ் எண்ட ரஷ்யத் தேடுபொறியில தேடுறது, உண்மையான ஆக்கள் பாவிச்சிருக்கிறாங்களா, எந்த இடத்துல, எந்தப் படத்தோட எண்டு பார்க்கிறது. த்யென் பாம்யதி எண்டு போட்டுப் படங்கள மட்டும் ஒருக்கா பாருங்க, மெழுகுதிரியும் கல்லறைப் பூவும்தான் வரும், அதுக்கு மேல விளக்கம் தேவையில்ல. விக்சனரி எண்ட இணைய அகராதியில ஒரு சொல்லுக்கு எல்லா உருபும் அட்டவணையா இருக்கு, அழுத்தம் எங்க எண்டும் போட்டிருக்கு. இன்னும் ஆழமாப் போற ஆக்களுக்கு ரஷ்ய மொழியின்ர தேசியச் சொற்தொகுதி எண்டு ஒண்டு 2004 ல இருந்து இணையத்துல இருக்கு, ஒரு சொல்லு உண்மையான எழுத்துகள்ல எப்பிடி வந்திருக்கு எண்டு அதுல தேடிப் பார்க்கலாம்.

மனுஷரும் இருக்கிறாங்க. மொஸ்கோவில 1960 ல தொடங்கின மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகம், லுமும்பா எண்டு எங்கட ஆக்கள் சொல்றது, அங்கயும் மற்ற சோவியத் கம்பஸ்லயும் படிச்ச இலங்கையாக்கள் கனபேர். உங்கட சொந்தத்துல, தெருவுல ஒருத்தர் இருந்தா போய்க் கதையுங்க, ஐயா இத வாசிச்சுப் பாருங்க எண்டு கேட்டா அவங்க வாசிச்சுத் திருத்தித் தருவாங்க. மொஸ்கோவில முன்னேற்றப் பதிப்பகமும் ராதுகாவும் தமிழ்ல அடிச்ச பழைய புத்தகம் வீட்டு அலுமாரியில கிடந்தாலும் எடுங்க, அதே கதைய ரஷ்யன்ல இணையத்துல தேடி எடுத்துப் பக்கத்துல வச்சு வாசிக்கலாம், தமிழும் ரஷ்யனும் எப்பிடி ஒண்டுக்கொண்டு பொருந்துது எண்டு கண்ணால காணலாம்.

அவங்க பதில் போடேக்க மூடுற அடைப்புக்குறிய மட்டும் ரெண்டு மூண்டு வரிசையாப் போட்டிருப்பாங்க, எழுத்துப் பிழையெண்டு நினைக்காதீங்க, அது சிரிப்பு.

வாழ்த்த எப்ப அனுப்புறது

வசனம் சரியா இருந்தாலும் நேரம் பிழைச்சா மனசு கோணும். ரஷ்யாக்காரர் பிறந்தநாள் வாழ்த்த முன்கூட்டிச் சொல்றத விரும்ப மாட்டாங்க, அபசகுனம் எண்டு நினைக்கிற ஆக்கள் கனபேர். கெஸ்ட் 12 ஆம் தேதி போறார், பிறந்தநாள் 13 எண்டா, 12 ஆம் தேதி கேக் வெட்டி ஸ் த்ன்யோம் ரஜ்தேனியா எண்டு பாடாதீங்க. கேக்க வழியனுப்புற கேக்கா குடுங்க, வாழ்த்த 13 ஆம் தேதி ஃபோன்ல அனுப்புங்க. பூ குடுக்கிறதெண்டா ஒற்றை எண்ணிக்கையில குடுங்க, இரட்டை எண்ணிக்கை அங்க செத்த வீட்டுக்கு. புது வருஷத்துக்கு மட்டும் முன்னாலயே சொல்லலாம், அதுக்கு ஸ் நஸ்துப்பாயுஷிம், வந்துகொண்டிருக்கிறதோட, எண்டு தனி வசனமே இருக்கு. மே 9 அவங்கட வெற்றி நாள், ஸ் த்ன்யோம் பபேதி, அத மரியாதையாச் சொல்லுங்க, அந்த யுத்தத்துல ஆள இழக்காத குடும்பம் அங்க குறைவு.

இதுல மணிக்கூட்டையும் பாருங்க. மொஸ்கோ எங்களுக்கு ரெண்டரை மணித்தியாலம் பின்னுக்கு. திருகோணமலையில இரவு 12 அடிச்சோடன வாழ்த்து அனுப்பினா அங்க முதல் நாள் இரவு 9.30, முன்கூட்டிச் சொன்ன கணக்காகிடும், விடிய 2.30 க்குப் பிறகுதான் அங்க நாள் பிறக்கும். விளாதிவஸ்தோக் ஆக்களெண்டா மறுபக்கம், அவங்க எங்கள விட நாலரை மணித்தியாலம் முன்னுக்கு, இங்க முதல் நாள் இரவு 7.30 க்கு அங்க பிறந்தநாள் தொடங்கிடும். ரஷ்யாவில 11 நேர வலயம் இருக்கு, அதால கெஸ்ட் எந்த ஊர் எண்டத பதிவுப் புத்தகத்துல பேருக்குப் பக்கத்துலயே எழுதி வைங்க. மறந்து நாள் கடந்து போனா ஸ் ப்ரஷேத்ஷிம், கடந்து போனதோட, எண்டு அனுப்பலாம், ஒருத்தரும் கோவிக்க மாட்டாங்க.